ராத்திரி சாவி யாரிடம்?

ஹாஸ்பிஸ், அதாவது குணமாகாத நோய் முற்றியவர்களை வலி தெரியாமல் பார்த்துக்கொள்கிற இல்லம், பார்க்கப் போகிறவர்கள் பகலில்தான் போகிறார்கள். காலை பதினோரு மணிக்குத் தரை துடைத்துக் காய்ந்திருக்கும், டாக்டர் ரவுண்ட்ஸ் முடித்து உட்கார்ந்திருப்பார், மேனேஜர் காபி வரவழைப்பார். அந்த நேரத்தில் எந்த இடமும் நல்ல இடமாகத்தான் தெரியும். ஆனால் நோய் முற்றியவர்களுக்கு வலி ஏறுவது பெரும்பாலும் ராத்திரியில். பேச்சுச் சத்தம் அடங்கி, விளக்கு அணைந்து, மனதைத் திருப்ப ஒன்றும் இல்லாமல் போன பிறகு. அதனால், "எங்க அம்மாவுக்கு ஒரு இடம் பார்க்கணும், நீங்க பார்த்திருக்கீங்களே" என்று யார் போன் செய்தாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: கடும் வலிக்குக் கொடுக்கிற மருந்தான மார்ஃபின் இருக்கும் அலமாரியின் சாவி ராத்திரி பத்து மணிக்கு மேல் யாரிடம் இருக்கும் என்று கேளுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

என் பெரியம்மாவுக்காக நான் இடம் தேடினேன். அம்மாவின் அக்கா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. லால்குடி பக்கத்தில் ஒரு கிராமத்தில் பால்வாடி டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவர். அம்மா வேலைக்குப் போன காலத்தில் என்னை வளர்த்தது அவர்தான். வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் நாற்பது வருடமாக இருந்தது. கன்னத்தின் உள்பக்கம் ஆறாத புண்ணாக ஆரம்பித்து, ஆபரேஷன், ரேடியேஷன் எல்லாம் முடிந்து, கொஞ்ச காலம் நன்றாக இருந்தார். பிறகு அதே இடத்தில் திரும்ப வந்தது. இந்த முறை தாடைக்குக் கீழே தோலை உடைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. வாயால் சாப்பிட முடியாமல் மூக்கு வழியாக டியூப் போட்டார்கள். பேச்சும் குழறிப்போனது. "இனி ட்ரீட்மென்ட்டால பலன் இல்ல, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் நல்லா பார்த்துக்கோங்க" என்று சொல்லி, ட்ரமடால் என்ற வலி மாத்திரை ஒரு அட்டை எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள்.

எப்படிப் பார்த்துக்கொள்வது என்று அந்தச் சீட்டில் இல்லை. நான் சோர்ந்துபோன இடம் அது. நோயைக் குணப்படுத்த முடியாது என்பது வேறு, செய்வதற்கு இனி எதுவும் இல்லை என்பது வேறு. சிசிலி சாண்டர்ஸ் என்ற ஆங்கில டாக்டர் 1967-ல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸைத் தொடங்கியதே இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக் கூடாது என்பதற்காகத்தான். இந்தியாவில் முதல் ஹாஸ்பிஸ், மும்பையின் சாந்தி அவேத்னா, 1986-லேயே வந்துவிட்டது. கோழிக்கோட்டில் 1993-ல் தொடங்கிய வலி நிவாரண இயக்கம் கேரளம் முழுக்கப் பரவி, 2008-ல் அந்த மாநில அரசின் கொள்கையாகவே ஆனது. இத்தனைக்குப் பிறகும் பெரிய ஆஸ்பத்திரிகளில் இருந்து நோயாளிகளை ஒரு வலி மாத்திரை அட்டையோடு அனுப்பிவைக்கிறார்கள்.

முதலில் பார்த்த இடம் ஊருக்கு வெளியே, பைபாஸை ஒட்டி. பளபளவென்று தரை, தனி அறைகள், ஏசி, வாசலில் பிள்ளையார், அறைக்கு அறை டிவி. நாள் வாடகை. எனக்கு அங்கே ஒரு சந்தேகமும் வரவில்லை, ஒரு கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய சார்ட்டைப் பார்க்கிற வரைக்கும். வலியின் அளவை 0-லிருந்து 10 வரை எழுதுகிற சார்ட். முந்தின நாள் ராத்திரி எட்டு, பத்து, பன்னிரண்டு, இரண்டு, நான்கு, ஆறு மணிக்கெல்லாம் '3' என்று எழுதியிருந்தது. எல்லாம் ஒரே கையெழுத்து, ஒரே பேனா, ஒரே சாய்வு. வலி ராத்திரி முழுக்க 3-லேயே நிற்குமா? அந்தப் படுக்கையில் இருந்த பெரியவர் வேட்டி நுனியைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிப் படுத்திருந்தார். தூங்குகிறவர் கை அப்படி இருக்காது.

"மார்ஃபின் இருக்கா?" என்று கேட்டேன். "எல்லாம் இருக்கு சார், லைசென்ஸோட இருக்கு" என்றார் மேனேஜர். ராத்திரி யார் கொடுப்பார்கள் என்று கேட்டேன். "அது கன்ட்ரோல்டு டிரக் சார். சாவி டாக்டர்கிட்டதான் இருக்கும். அவர் ஏழு மணிக்குக் கிளம்பிடுவார். ராத்திரி வலின்னா ட்யூட்டி சிஸ்டர் ஒரு ஊசி போடுவாங்க." என்ன ஊசி என்று சிஸ்டரிடம் கேட்டபோது டைக்ளோஃபெனாக் என்றார், மூட்டுவலிக்கும் முதுகுவலிக்கும் போடுகிற சாதாரண வலி ஊசி. அதாவது பூட்டுக்கு உள்ளே மருந்து இருக்கிறது, பூட்டுக்கு வெளியே வலி இருக்கிறது, நடுவில் சாவி மட்டும் ஊரில் இல்லை.

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1985-ல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்தபோது மார்ஃபின் வைத்திருப்பதே பெரிய தலைவலி ஆகி, பல ஆஸ்பத்திரிகள் அதை வாங்குவதையே நிறுத்திவிட்டன என்பது உண்மை. 2014-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். மார்ஃபின், ஃபென்டனில், மெத்தடோன் உள்ளிட்ட சில மருந்துகளை அத்தியாவசியப் போதை மருந்துகள் என்று தனியாகப் பிரித்து, பயிற்சி பெற்ற டாக்டர் இருக்கிற நிறுவனம் மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் ஒரே ஒரு அங்கீகாரம் வாங்கினால் போதும் என்று ஆக்கினார்கள். பூட்டி வைக்க வேண்டும், எத்தனை மாத்திரை வந்தது, யாருக்குப் போனது என்று ரிஜிஸ்டரில் எழுத வேண்டும். அவ்வளவுதான். சாவியை டாக்டர் வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. டாக்டர் எழுதி வைத்த அளவை ராத்திரி ட்யூட்டி சிஸ்டர் எடுத்துக் கொடுத்துக் கையெழுத்துப் போடலாம்.

இன்னொரு இடம் நேர் எதிர். தொண்டு செய்கிற அம்மாக்கள் நடத்துவது. பெயர் சொல்ல மாட்டேன், அவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. காசு வாங்குவதில்லை. யாரும் இல்லாதவர்களைத் தெருவிலிருந்து கொண்டுவந்து குளிப்பாட்டி, கஞ்சி ஊட்டிப் பார்க்கிறார்கள். வெள்ளை வெளேரென்று விரிப்பு. ஆனால் மார்ஃபின் கிடையாது. "வேண்டாம் தம்பி, அது கொடுத்தா மயக்கத்துலயே போயிடுவாங்க, பிரார்த்தனை பண்றோம்" என்றார் மூத்தவர். அங்கே ஒரு பெண் முனகிக்கொண்டே இருந்தார். கையைப் பிடித்துக்கொண்டு ஒரு சகோதரி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார், நான் இருந்த நேரம் முழுக்க நகரவில்லை. அந்த அன்பைக் குறைத்துப் பேச என்னால் முடியாது. ஆனாலும் அது காப்பகம், ஹாஸ்பிஸ் அல்ல. கைபிடித்து உட்காருகிற மனசும் மருந்தும் ஒரே கட்டில் பக்கத்தில் இருக்க வேண்டும். ஒன்று இருந்தால் இன்னொன்று வேண்டாம் என்பது நோயாளியின் தலையில் விழுகிறது.

மார்ஃபின் பயம் நம் வீடுகளிலும் இருக்கிறது. என் மாமாவே "அதெல்லாம் ஆரம்பிச்சா அடிமையாயிடுவாங்க" என்றார். கடைசி நேரத்தில் மட்டும் கொடுக்கிற மருந்து என்றும் பலர் நினைக்கிறார்கள். வலி இருக்கிறவருக்கு, வலிக்கு ஏற்ற அளவில், கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் கொடுத்தால் அது உயிரைக் குறைப்பதில்லை. பெரியம்மாவுக்கு முதல் ஓரிரு நாள் தூக்கக் கலக்கம் இருந்தது. அப்புறம் தெளிந்துவிட்டார், தினத்தந்தி கேட்டு வாங்கிப் படித்தார்.

கடைசியில் நாங்கள் சேர்த்த இடம் ஒரு டிரஸ்ட் நடத்துவது. பழைய ஓட்டு வீட்டையும் அதையொட்டிக் கட்டின ஒரு ஹாலையும் வைத்துக்கொண்டு நடக்கிறது. தனி அறைகள் கிடையாது, ஸ்கிரீன் போட்டு மறைப்பார்கள். பார்க்க ஒன்றும் பிரமாதமாக இருக்காது. ஆனால் நுழைந்த அரைமணி நேரத்திலேயே எனக்கு வித்தியாசம் தெரிந்தது.

அதுவரை எல்லா இடத்திலும் என்னிடம்தான் பேசினார்கள். எத்தனை வயசு, எந்த ஸ்டேஜ், சாப்பிடுறாங்களா, மோஷன் போறாங்களா, எல்லாம் என்னிடம். பெரியம்மா பக்கத்தில் உட்கார்ந்தே இருப்பார். இங்கே டாக்டர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, பெரியம்மாவின் கண்ணுக்கு நேராகத் தன் கண் வரும்படி உட்கார்ந்தார். "அம்மா, இப்ப உங்களுக்கு எது ரொம்பக் கஷ்டமா இருக்கு?" என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன். கையைக் காட்டி என்னை நிறுத்தினார். பெரியம்மாவிடம் சிலேட்டு ஒன்று இருந்தது, பால்வாடிக் காலத்துச் சிலேட்டு, பேச முடியாமல் போன பிறகு அதில்தான் எழுதிக் காட்டுவார். எடுத்து, நிதானமாக, டீச்சர் கையெழுத்தில் ஒரே ஒரு சொல் எழுதினார்: நாத்தம்.

வலி என்று எழுதுவார் என்றுதான் நான் நினைத்தேன். வலி இல்லாமல் இல்லை. ஆனால் புண்ணிலிருந்து வந்த வாடையால் அக்கம்பக்கத்துப் பெண்கள் வருவதை நிறுத்தியிருந்தார்கள். என் பிள்ளைகளைத் தன் பக்கத்தில் வர வேண்டாம் என்று அவரே கையசைத்து அனுப்பியிருந்தார். எந்த டாக்டரும் அதைக் கேட்டதில்லை, அதனால் யாருக்கும் தெரியவில்லை.

அதற்குச் செய்தது இவ்வளவுதான். சிஸ்டர் உப்பு நீரால் புண்ணைக் கழுவினார். ஒட்டியிருந்த பழைய காஸ் துணியை நனைத்து நனைத்து, இழுக்காமல், தானாகக் கழன்று வரும்வரை காத்திருந்தார். இழுத்தால் ரத்தம் வரும், வலிக்கும். பிறகு மெட்ரோனிடசோல் மாத்திரைகளைச் சின்ன உரலில் போட்டு மைய இடித்து, அந்தப் பொடியைப் புண் மேல் தூவி, காஸ் வைத்துக் கட்டினார். வயிற்றுப்போக்குக்கு நாம் வாங்கிப் போடுகிற அதே மாத்திரை. வாடைக்குக் காரணமான கிருமிகளை அது அடக்கும். ஓரிரு நாளில் வாடை பாதியானது, ஒரு வாரத்தில் கிட்டே போனால்தான் தெரியும் என்ற அளவுக்கு வந்தது. விலை சில ரூபாய். என் மகள் பெரியம்மாவின் கட்டிலில் ஏறி உட்கார்ந்து சிலேட்டில் கோலம் போட ஆரம்பித்தாள். இவ்வளவு சுலபமான ஒன்றை இத்தனை மாதம் யாருமே செய்யவில்லையே என்ற கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.

அந்த சிஸ்டர் எங்களிடம் இன்னொன்று சொன்னார். "வீட்டுல அடர்ந்த கலர்ல, மெரூன் இல்லேன்னா கரும்பச்சைல, பழைய துண்டு ரெண்டு இருந்தா கொண்டாங்க." எதற்கு என்று கேட்டேன். என்னைத் தனியாக வராண்டாவுக்கு அழைத்துப்போய்ச் சொன்னார். கழுத்துப் பக்கம் இருக்கிற புண்ணில் ஒருநாள் திடீரென்று ரத்தம் அதிகமாக வரக்கூடும், வெள்ளைத் துணியில் அதைப் பார்த்தால் அவரும் பயந்துபோவார், நீங்களும் பயந்துபோவீர்கள், அடர்ந்த கலர் துணியில் அவ்வளவாகத் தெரியாது. அப்படி நடந்தால் போட வேண்டிய ஊசி டிரேயில் எடுத்து வைத்திருக்கிறது, நான் இல்லாவிட்டாலும் யார் ட்யூட்டியில் இருக்கிறார்களோ அவர்களுக்கு அது தெரியும் என்றார். அந்த ரத்தப்போக்கு கடைசிவரை வரவில்லை. ஆனால் வரலாம் என்று யோசித்து வைத்திருந்தார்களே, அதைத்தான் நான் தரம் என்று சொல்வேன்.

சாவிக்கு வருகிறேன். இங்கே ராத்திரி ட்யூட்டி சிஸ்டரின் இடுப்பில் இருந்தது. மார்ஃபின் நேரம் காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10. சாதாரண மார்ஃபின் மாத்திரை நாலு மணி நேரம்தான் நிற்கும், அதனால் வலி வந்தபின் கொடுப்பதில்லை, கடிகாரத்தைப் பார்த்துக் கொடுப்பது. ராத்திரி பத்து மணி டோஸை இரட்டிப்பாகக் கொடுத்து, நடு ராத்திரியில் எழுப்பாமல் தூங்க விடுவார்கள். நடுவில் வலி மீறி வந்தால் ஒரு கூடுதல் டோஸ், அதற்கு டாக்டரைக் கேட்க வேண்டியதில்லை, எழுதியே வைத்திருப்பார். பெரியம்மாவுக்கு டியூப் இருந்ததால் மாத்திரையைப் பொடித்துக் கரைத்து விட்டார்கள். நான் சோதிப்பதற்காக அல்ல, தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன், பன்னிரண்டு மணி நேரம் நிற்கிற மாத்திரை இருக்கிறதே, அதைக் கொடுத்தால் அடிக்கடி கொடுக்க வேண்டாமே என்று. "அதைப் பொடிக்கக் கூடாது சார், பொடிச்சா பன்னெண்டு மணி நேரத்து மருந்து ஒரே அடியா உள்ள போயிடும்" என்று சிஸ்டர் உடனே சொன்னார். ராத்திரி இரண்டு மணிக்கு வலி மீறி வந்தால் என் பெரியம்மாவின் டியூபில் மருந்து விடப்போகிறவருக்கு இது தெரிந்திருக்கிறது என்பது எனக்குக் கட்டடத்தைவிடப் பெரிய நிம்மதி.

மலச்சிக்கலைப் பற்றி ஒரு வரி. மார்ஃபின் கொடுத்தால் அநேகமாக எல்லாருக்கும் வரும். மார்ஃபின் எழுதிய அன்றே மலமிளக்கியும் எழுதாத டாக்டருக்கு இந்த வேலை பழக்கமில்லை என்று அர்த்தம். இங்கே தினம் காலையில் முதல் கேள்வியே அதுதான்.

டாக்டர் எங்கே படித்தார் என்று கேட்கக் கூச்சப்பட வேண்டாம். பெரிய பட்டம் தேவையில்லை. இந்த மாதிரி வலி தணித்துப் பார்த்துக்கொள்கிற கவனிப்புக்குப் பாலியேட்டிவ் கேர் என்று பெயர். இந்தியன் அசோசியேஷன் ஆஃப் பாலியேட்டிவ் கேர் என்ற அமைப்பு 1994-லிருந்து இருக்கிறது, டாக்டர்களுக்கும் நர்ஸ்களுக்கும் அடிப்படைப் பயிற்சி நடத்துகிறது. கோழிக்கோட்டிலும், டாக்டர் எம். ஆர். ராஜகோபால் 2003-ல் தொடங்கிய பாலியம் இந்தியா வழியாகத் திருவனந்தபுரத்திலும் பயிற்சி எடுத்து வந்தவர்கள் தமிழ்நாட்டில் நிறையப் பேர் இருக்கிறார்கள். எங்கள் டாக்டர் அப்படிப் போய்வந்தவர். கேட்டதும் சந்தோஷமாகச் சொன்னார்.

கண்ணால் பார்க்க வேண்டியது என்றால், நான் படுத்திருக்கிறவர்களின் வாயைப் பார்க்கச் சொல்வேன். உதடு வெடித்து, நாக்கில் வெள்ளை படிந்து காய்ந்து கிடந்தால், அந்த இடத்தில் ஆள் போதவில்லை. வாயை நனைத்துத் துடைக்க ஒரு நாளைக்குப் பல தடவை ஒரு ஆள் கட்டிலருகே வர வேண்டும். அந்த ஆள் வந்தால் மற்றதையும் கவனிப்பார், வராவிட்டால் மற்றதும் நடக்காது. படுக்கைப்புண்ணும் அப்படியே. வெளியிலிருந்து புண்ணோடு வருகிறவர்கள் உண்டு, அதை வைத்து எடை போடக் கூடாது. இங்கே வந்தபிறகு புதிதாக வந்ததா என்று கேட்க வேண்டும். காற்று மெத்தை மட்டும் போதாது, இரண்டு மணிக்கு ஒரு தடவை திருப்பிப் போட ஆள் வேண்டும். ராத்திரியிலும்.

இனி நான் அதிகம் எழுத விரும்புகிற விஷயம். மாமா வந்தார், டாக்டரைத் தனியாகப் பிடித்தார். "அக்காகிட்ட நோயைப் பத்தி ஒண்ணும் சொல்லிடாதீங்க டாக்டர், மனசு உடைஞ்சிடுவாங்க." நம் வீடுகளில் எல்லாரும் சொல்வதுதான். டாக்டர் மாமாவைத் தப்பாகப் பேசவில்லை. "உங்களுக்கு அவங்க மேல எவ்வளவு பாசம்னு தெரியுது. அவங்க கேட்காம நானா எதையும் சொல்ல மாட்டேன். ஆனா அவங்களே கேட்டா பொய் சொல்ல மாட்டேன்" என்றார். மாமா முகம் சுருங்கிப் போனது. ஆனால் அதற்குப் பிறகு என்ன நடந்தது என்றால், பெரியம்மா கேட்டார். சிலேட்டில், "பொங்கல் வரை?" டாக்டர் கொஞ்ச நேரம் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, "அவ்வளவு நாள் இருக்கும்னு எனக்குத் தோணல அம்மா. ஏதாவது முடிக்க வேண்டியது இருக்கா?" என்றார்.

இருந்தது. தெருவில் பத்திருபது பெண்கள் பெரியம்மாவிடம் மாதச் சீட்டுக் கட்டி வந்தார்கள். யார் எவ்வளவு கட்டினார்கள், யார் எடுத்தார்கள், யாருக்குப் பாக்கி என்ற கணக்கு அவர் நோட்டில் இருந்தது, நோட்டு வீட்டு அரிசி டிரம்முக்குப் பின்னால் இருந்தது. எங்கள் யாருக்கும் தெரியாது. தான் போய்விட்டால் ஏமாற்றிவிட்டுப் போனாள் என்று சொல்வார்களே என்பதுதான் இத்தனை நாளாக அவரை அரித்துக்கொண்டிருந்தது. உடம்பு வலி, மன வலி, காசு கவலை, உறவுச் சிக்கல், சாமி மேல் கோபம் எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதை மொத்த வலி என்று சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றவர் சாண்டர்ஸ்தான். அந்த இல்லத்தின் சமூகப் பணியாளர், சின்னப் பெண், என்னோடு உட்கார்ந்து நோட்டைப் பார்த்துக் கணக்குப் போட்டார். போஸ்ட் ஆபீஸ் பணத்தை எடுத்து, பெண்களை நாலைந்து பேராக வரச்சொல்லி, பெரியம்மாவின் கண் முன்னாலேயே ஒவ்வொருவருக்கும் கொடுத்துக் கையெழுத்து வாங்கினோம். அவர்கள் பணத்தை வாங்கிக்கொண்டு அழுதார்கள். பெரியம்மா ஒவ்வொரு பெயர் மேலும் சிலேட்டுக் குச்சியால் ஒரு டிக் போட்டார். அன்றைக்கு ராத்திரி கூடுதல் டோஸ் கேட்கவில்லை. மறுநாளும் கேட்கவில்லை. அவர் கேட்ட கேள்விக்குப் பொய் சொல்லியிருந்தால் அந்த நோட்டு அரிசி டிரம்முக்குப் பின்னாலேயே கிடந்திருக்கும்.

அதனால் இடம் பார்க்கப் போகிறவர்கள் டாக்டரிடம் நேராகக் கேளுங்கள்: எங்கள் அப்பா "எனக்கு என்ன ஆச்சு" என்று கேட்டால் நீங்கள் என்ன சொல்வீர்கள்? "அதெல்லாம் நாங்க சமாளிச்சுக்குவோம்" என்கிற இடம் எனக்குப் பிடிக்காது.

கடைசி நாட்களில் சொந்தக்காரர்கள் "ட்ரிப்ஸாவது போடுங்க" என்று நிற்பார்கள். எங்கள் வீட்டிலும் நின்றார்கள். உடம்பு அடங்கிவரும் நேரத்தில் ஏற்றுகிற தண்ணீர் நெஞ்சில் கோத்துக்கொண்டு மூச்சை இன்னும் சிரமப்படுத்தும் என்று சிஸ்டர் நின்று, ஒவ்வொருவருக்கும், அலுக்காமல் சொன்னார். தொண்டையில் களகளவென்று சத்தம் வந்தபோது குழாயை விட்டு உறிஞ்சவில்லை. ஒருக்களித்துப் படுக்கவைத்து ஒரு ஊசி போட்டார். கேட்கிற நமக்குத்தான் அது பயம், அவருக்கு அது தெரியாது என்றார். பால் ஊற்ற வேண்டும் என்று அம்மா கேட்டபோது, புரையேறிவிடும் என்று தடுக்காமல், பஞ்சைப் பாலில் நனைத்து உதட்டில் வைக்கச் சொன்னார். அம்மாவுக்கு அது இன்றைக்கும் பெரிய ஆறுதல். 108-ஐக் கூப்பிட்டு ஐசியூவுக்கு அனுப்புகிற பேச்சே எழவில்லை, சேர்த்த அன்றே அதைப் பேசி எழுதி வைத்திருந்தோம். வெண்டிலேட்டர் வேண்டாம் என்று ஒருவர் முன்கூட்டியே எழுதி வைக்கலாம் என்பதை உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் ஏற்றுக்கொண்டது, 2023 ஜனவரியில் அதற்கான நடைமுறையை எளிதாக்கியது. இந்தப் பேச்சை எடுக்கத் தயங்குகிற இடத்தில், நிலைமை மோசமாகும் ராத்திரியில் உங்களுக்கு வேறு வழி இருக்காது.

இறப்புச் சான்றிதழ் விஷயத்தை முன்னாலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நிறுவனத்தில் இறந்தால் காரணத்தை எழுதுவது படிவம் 4, வீட்டில் இறந்தால் 4ஏ, இருபத்தொரு நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். வீட்டுக்கு வந்து பார்க்கிற டீம் என்றால், ராத்திரியில் வீட்டில் உயிர் போனால் யார் வந்து எழுதிக் கொடுப்பார்கள் என்று கேட்டுவிடுங்கள். துக்க வீட்டில் இதற்காக அலைகிற கொடுமையைப் பக்கத்துத் தெருவில் பார்த்திருக்கிறேன்.

அந்த இல்லத்தில் எல்லாம் சரி என்று சொல்ல மாட்டேன். கூட இருக்கிறவர்களுக்கு ஒரே ஒரு டாய்லெட். படுக்க இடமில்லாமல் வராண்டாவில் பாய். பிசியோதெரபிஸ்ட் கிடையாது, கை வீங்கியவர்களுக்கு அது தேவை. இடம் கிடைக்கக் காத்திருக்க வேண்டும், காத்திருக்கிறவர்களில் சிலருக்கு அவ்வளவு நாள் இருப்பதில்லை. எனக்குப் பெரிய குறையாகத் தெரிவது, புற்றுநோய் இல்லாதவர்களை அவர்கள் சேர்ப்பதில்லை. இதய நோய் முற்றியவர்கள், மூச்சுக்குத் தவிக்கிற நுரையீரல் நோயாளிகள், மறதி நோயில் படுத்துவிட்ட முதியவர்கள், இவர்களுக்கும் இதே கவனிப்பு வேண்டும். நம் ஊர் ஹாஸ்பிஸ்கள் பல புற்றுநோயோடு நின்றுவிடுகின்றன.

எங்கள் எதிர் வீட்டு ஐயாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. டயாலிசிஸ் போதும், நிறுத்திவிடுங்கள் என்று அவரே சொல்லிவிட்டார். அவர் மகனோடு அந்த இல்லத்துக்குப் போனேன். இடம் தர முடியாது என்றார்கள். தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து வட்டாரத்துக்கு ஒரு பாலியேட்டிவ் நர்ஸ் வீட்டுக்கே வருகிறார், அதைச் சொல்லிப் பதிவு செய்ய வைத்தேன். பகலில் அந்த நர்ஸ் வருகிறார், நன்றாகப் பார்க்கிறார், மகனுக்குத் திருப்பிப் படுக்கவைக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். ராத்திரிக்கு யாரும் இல்லை. இல்லத்து டாக்டரிடம் திரும்பப் போய்ப் பேசினேன். சேர்க்க முடியாது, ஆனால் ராத்திரி போன் செய்தால் எடுக்கிறேன், சிறுநீரகம் போனவருக்கு மார்ஃபின் உடம்பில் தங்கிவிடும், வேறு மருந்து பார்க்க வேண்டும் என்று சொல்லி நம்பர் கொடுத்திருக்கிறார். அடுத்த வாரம் டிரஸ்டிகள் கூட்டமாம். புற்றுநோய் இல்லாதவர்களுக்கும் இரண்டு கட்டில் ஒதுக்கச் சொல்லி, சாவி வைத்திருந்த அந்த சிஸ்டரும் நானும் சேர்ந்து ஒரு மனு எழுதியிருக்கிறோம். ஐயாவின் மகன்தான் முதல் கையெழுத்து.